குளிர்ந்த இன்ஜினைப் பார்க்காமல் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

முதல் வாரத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் மூன்று நான்கு விநாடி உதறும். சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும். அப்புறம் சீராக ஓட ஆரம்பித்துவிடும். 19 வருடப் பழைய வண்டி, காலையில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினொன்றாம் நாள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியதைக் கவனித்தேன். ஓரம் கட்ட இடம் தேடிய இரண்டு நிமிடத்துக்குள் அது சிவப்பைத் தொட்டுவிட்டது. போனட் ஓரங்களில் ஆவி கிளம்பியது, கூடவே காருக்குள் ஒரு இனிப்பு வாடை. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எரிந்தால் அந்த வாடைதான் வரும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இழுவை வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நின்றேன். அடுத்த ஏழு மாதம் அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. காருக்குக் கொடுத்த விலையில் முக்கால் பங்கு மறுபடியும் கையை விட்டுப் போனது.

என்ன கார், எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. நடந்தது அந்தக் கம்பெனியின் தவறும் இல்லை. இரண்டு சீட், ஆறு சிலிண்டர், பின்சக்கரம் இழுக்கும் மேனுவல் வண்டி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வயதிலிருந்து ஆசைப்பட்ட கார். இரண்டு வருடம் பணம் சேர்த்து, கிடைத்த படங்களையெல்லாம் பார்த்து, மனதுக்குள் அதை எப்போதோ வாங்கி முடித்துவிட்டேன். பார்க்கப் போன அன்று நடந்ததெல்லாம் சடங்குதான். இப்போது யோசித்தால் மற்ற எல்லாத் தவறுக்கும் இதுதான் வேர் என்று படுகிறது.

மாலை ஆறு மணிக்குப் போனேன். விற்பவர் மரியாதையான மனிதர். "நீங்க காத்திருக்க வேண்டாம்னு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டேன் சார்" என்றார். எனக்கு அது அன்பாகத் தெரிந்தது. உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் எழுந்தது, அதோடு என் கண் மூடிக்கொண்டது. இருபது நிமிடம் ஓட்டினேன். எந்தக் குறையும் தெரியவில்லை. ஓடோமீட்டரில் 38,000 கிலோமீட்டர்தான். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். விற்பவரோ சனிக்கிழமை வேறொருவர் வருவதாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். வேறொருவர் நிஜமாகவே வருவதாக இருந்திருக்கலாம், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வந்தவர் வாங்கிக்கொண்டு போயிருந்தால் எனக்கு நஷ்டம் ஒரு கார் மட்டும்தான்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பல குறைகளை இன்ஜின் சூடு மறைத்துவிடும். என் வண்டியில் இருந்தது ஹெட் கேஸ்கெட் கசிவு, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் கசிவு. வண்டியை ஓட்டி நிறுத்திய பிறகும் கூலன்ட் பாதையில் கொஞ்ச நேரம் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் இறங்கி இரவு முழுக்கத் தேங்கி நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சிலிண்டர் சரியாக எரியாது, அதனால்தான் உதறல். தேங்கியது ஆவியாகி வெளியே போனதும் எல்லாம் சரியாகிவிடும். முன்கூட்டியே பத்து நிமிடம் ஓட விட்டால் வருகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. தேய்ந்த பிஸ்டனின் தட்டல், வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் தளர்ந்த கிலுகிலுப்பு, வால்வ் சீல் வழியாக இறங்கிய ஆயில் எரியும் நீலப்புகை, இரண்டாம் கியர் விழும்போது வரும் கரகரப்பு, இவையும் குளிர்ந்த நிலையில்தான் நன்றாக வெளியே தெரியும். அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் முதல் வேலையாக உள்ளங்கையைப் போனட் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் சண்டை வேண்டாம், நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் உள்ளே உட்காராதீர்கள். வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் முதலில் ஆயில் மூடியைத் திறந்தார். உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல வெளிறிய பசை. குளிர்காலத்தில் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியிலும் இப்படிக் கொஞ்சம் படியும், அதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். ஆறையும் ஒரு துணியில் வரிசையாக வைத்தார். ஐந்தின் முனை வெளிர் பழுப்பு. மூன்றாவது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று, புதுசு போல இருந்தது. எனக்குப் பார்க்க அதுதான் நல்ல பிளக் என்று தோன்றியது. "தண்ணி போய் ஆவியாகி ஆவியாகிக் கழுவி வெச்சிருக்கு தம்பி. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல" என்றார். பிறகு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தத்தைப் பார்த்தார். ஐந்து சிலிண்டரில் 11.5 முதல் 12 பார் வரை காட்டியது. மூன்றாவதில் 7.5. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அரை நாளில் முடிகிற சோதனை. வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் நான் இந்தக் கதையை எழுத வேண்டியதே இருந்திருக்காது. லீக்-டவுன் என்று இன்னொரு சோதனையும் உண்டு. சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எந்த வழியாகத் தப்புகிறது என்று பார்ப்பார்கள். சைலன்சரில் உஸ் என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் வழியில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். விற்பவர் இந்தச் சோதனைகளுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்து ஸ்கேனர். இந்த விஷயம்தான் என்னை மிகவும் வருத்தியது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கோளாறுகளைக் காரே பதிந்து வைக்கும் ஓபிடி-2 என்ற முறை கட்டாயம். ஸ்டீயரிங் கீழே இருக்கும் அதன் சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால் பதிவான கோளாறுகள் தெரியும். வாங்கிய அன்று நானும் ஒன்று எடுத்துப் போயிருந்தேன். கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியதும் நிம்மதியாகிவிட்டேன். நான் பார்க்கத் தவறியது ரெடினெஸ் என்ற பக்கத்தை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், எரிபொருள் ஆவி என்று ஒவ்வொன்றையும் கார் தானாகவே சோதித்து முடித்திருக்கிறதா என்று அங்கே இருக்கும். கோளாறுகளை யாராவது அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தக் கணக்கு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். மறுபடி எல்லாம் முடிந்ததாகக் காட்டப் பல நாள் ஓட்டம் வேண்டும். அன்று ஸ்கேனர் திரையை எடுத்த படம் என் போனிலேயே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்றுதான் இருந்தது. பேட்டரி மாற்றியதாக விற்பவர் சொல்லவில்லை. அவர் வேண்டுமென்றே அழித்தாரா, அவருடைய மெக்கானிக் அழித்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தடயம் கண்ணெதிரே இருந்தது, நான்தான் படிக்கத் தெரியாமல் விட்டேன். முடியாத சோதனைகளைப் பார்த்தால் காரணம் கேளுங்கள், ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி வந்து செருகிப் பாருங்கள்.

38,000 கிலோமீட்டர் என்ற எண்ணை நம்பியதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேதான் விழுகிறார்கள். 19 வருடத்தில் 38,000 என்றால் வருடத்துக்கு 2,000. அதாவது வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்திருக்கிறது. நிற்கும் வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் கெட்டு இன்ஜெக்டரில் படியும், பிரேக் காலிப்பர் பிஸ்டன் இறுகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கூலன்டும் அப்படித்தான். அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு சில வருடங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு அதே திரவம் அலுமினிய ஹெட்டை அரிக்க ஆரம்பிக்கும். என் காரில் கேஸ்கெட் ஓரத்தில் ஹெட் அரித்துப் போயிருந்ததற்கு அதுதான் காரணம். கிலோமீட்டர் வரவில்லையே என்று யாரும் கூலன்டை மாற்றவே இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் மொத்தம் மூன்றே முத்திரை. அதை நான் பார்த்தேன், குறைவாக ஓடியதால் குறைவாக சர்வீஸ் என்று நினைத்துக்கொண்டேன். டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று, எது முந்துகிறதோ அதில் மாற்ற வேண்டும். அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டிவிடும், பிறகு மிஞ்சுவது பழைய இரும்பு விலை. வருடத்துக்கு 8,000, 10,000 ஓடி, ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய பில் இருக்கும் 1,50,000 கிலோமீட்டர் வண்டியை, என்னுடைய 38,000 வண்டியை விட நான் இப்போது நம்புவேன்.

ஹெட்டைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் இரும்புச் சட்டம் ஒன்றை அதன் மேல் குறுக்கே வைத்து, மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக இடுக்கில் நுழைத்துப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு போகலாமா வேண்டாமா என்ற அளவில் நிற்க வேண்டுமாம். 0.15 தகடு வழுக்கிக்கொண்டு போனது. நெடுஞ்சாலையில் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓரம் கட்ட இடம் தேடி ஓட்டிய அந்த நேரத்தில் ஹெட் வளைந்திருக்கிறது. அது முழுக்க என் தவறு. முள் ஏறினால் நல்ல இடம் தேடிக்கொண்டிருக்காமல், எச்சரிக்கை விளக்கைப் போட்டு உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். லேத்தில் கொடுத்து ஹெட்டை மட்டம் செய்தோம். ஆயிலில் கூலன்ட் கலந்ததால் கிராங்க் பேரிங்குகளும் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டியதாயிற்று. அதற்கான கேஸ்கெட் செட்டைக் கம்பெனி தயாரிப்பதையே நிறுத்திவிட்டிருந்தது. தேடி, தவறான செட் ஒன்று வந்து, அதைத் திருப்பி அனுப்பி, சரியானது கைக்கு வர நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் இன்ஜின் இல்லாத காரைப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் உண்மையான தொகையைச் சொல்ல மூன்று வாரம் ஆனது. சொன்ன அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். வாங்க ஆசைப்படுகிற மாடலின் கேஸ்கெட் செட், வாட்டர் பம்ப், கிளட்ச், முன்கண்ணாடி இந்த நான்கும் இன்றைக்குக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். கார் விலை குறைந்தாலும் உதிரிப்பாகத்தின் விலை அது புதிதாக வந்த காலத்து விலைக்கு ஏற்றபடிதான் இருக்கும்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் நிறையப் படித்தேன். இந்த மாதிரிக் கார் நம்பகமானதா என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த பலவீனம் ஒன்று உண்டு, நம் முன்னால் நிற்கும் வண்டியில் அது சரிசெய்யப்பட்டதா என்பதுதான் கேள்வி. போர்ஷே 986 பாக்ஸ்டரிலும் 996 தலைமுறை 911-இலும் இன்ஜினுக்குள் இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கிறது. அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடுவது வழக்கம், ஆகவே கிளட்ச் மாற்றிய பில்லில் அந்தப் பேரிங்கின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே காலத்து 911 டர்போவிலும் ஜிடி3-இலும் இன்ஜின் வேறு, இந்தப் பயம் இல்லை. பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் பொருந்தும் இடத்தில் தரைத் தகடு விரிசல் விடும், கனெக்டிங் ராட் பேரிங்கும் தேயும். மஸ்தா ஆர்எக்ஸ்-8-இல் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின், அதற்குச் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் பயன்படாது. ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாக அளக்கும் கருவி வேண்டும். அந்த இன்ஜின் ஆயிலை எரிப்பது நோய் இல்லை, அதன் அமைப்பே அப்படி. அதனால் ஆயில் குறைகிறதே என்று பயப்படுவதைவிட, உரிமையாளர் ஆயில் அளவைப் பார்க்கும் வழக்கம் உள்ளவரா என்று கேட்பது முக்கியம். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலை கடைசியாக எப்போது நடந்தது என்று தெரியாமல் விலை பேசவே கூடாது. உங்கள் கண்ணில் பட்ட மாடலுக்கு இப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் காரைப் பார்க்கப் போக வேண்டும்.

முன்னால் ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதையும் வண்டி கொஞ்சம் சொல்லும். நான்காம் கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. கியரைக் குறைக்கும்போது நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்துவிட்டால் சக்கரமே இன்ஜினை அளவுக்கு மீறிச் சுழற்றிவிடும், இன்ஜின் சுழற்சிக்கு வரம்பு கட்டும் ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. சில கார்களின் கம்ப்யூட்டர் இதைப் பதிந்து வைத்திருக்கும், கம்பெனி ஸ்கேனரில் படிக்கலாம். டயரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால், மற்ற செலவிலும் அவர் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். அப்புறம் லிஃப்டில் ஏற்றாமல் வாங்கவே வாங்காதீர்கள். ஜாக் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே உள்ள பகுதி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் இவற்றில் துரு ஆழமாக இருந்தால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், எதற்காக இப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். பெயின்ட் கேஜ் கிடைத்தால் கதவுக்குக் கதவு வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், பட்டி போட்ட இடத்தில் எண் பல மடங்கு எகிறும்.

போன மாதம் என் மச்சானுக்கு இதே மாதிரி ஒரு ஆசை வந்தது. மூன்று கார் பார்த்தோம். முதலாவதில் போனட் சுட்டது, திரும்பிவிட்டோம். இரண்டாவது பார்க்க அற்புதமாக இருந்தது. லிஃப்டில் ஏற்றியதும் பின்பக்கச் சட்டத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தது, விற்பவருக்கே அது தெரிந்திருக்கவில்லை பாவம். மூன்றாமவர் போனிலேயே, "காலைல ஆறு மணிக்கு வாங்க, சாவி மேஜை மேலதான் இருக்கும், நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். போனபோது சாவிக்குப் பக்கத்தில் ஒரு தடிமனான ஃபைல் இருந்தது. 14 வருடத்து பில்கள். கூலன்ட் மாற்றிய நான்கு பில்லையும் நான் தனியாக எடுத்துப் பார்த்தேன். ஆறு சிலிண்டரும் 11.8-க்கும் 12.3-க்கும் நடுவில் நின்றன. வால்வ் கவரில் லேசான ஆயில் கசிவு, டயர் நான்கும் 9 வருடப் பழசு. அந்த இரண்டுக்கும் ஆகும் செலவை எழுதிக் காட்டினோம், அவர் மறுபேச்சில்லாமல் குறைத்துக்கொண்டார். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்குத் தனியாக வைத்தால்தான் நான் கையெழுத்துப் போட விடுவேன் என்று மச்சானிடம் முன்பே சொல்லியிருந்தேன், வைத்திருந்தார். அவர் முகத்தில் இருந்த அவசரம் எனக்குத் தெரிந்த அவசரம்தான். மெக்கானிக் அண்ணன் சோதனையை முடிக்கும்வரை அவர் பையில் இருந்த பணத்தை வெளியே எடுக்க விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

என் காரை விற்கவில்லை. இன்ஜின் பூட்டி முதல் நாள் ஓட்டிய அன்று, கூலன்ட் டப்பாவில் திரவம் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போனட்டைத் திறந்து அதைப் பார்க்கிறேன். ஐந்து மாதமாகக் கோட்டிலிருந்து இறங்கவில்லை.